முன்னைவிடத் தேவலை

ஹார்லெம் சென்டர், அயோவா
மார்ச் 9, 1993

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஹெட்டிக்கு,

அவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். மினியாபொலிஸில் இன்னும் பனி உருகவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் முழங்காலுக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படு.

போன் செய்யாமல் எழுதுகிறாளே என்று நினைக்காதே. இனி எழுத்துத்தான். உன் அத்தானுடைய கிளினிக்கில் இருந்த பெண் கல்யாணமாகி ஒமாஹாவுக்குப் போய்விட்டாள். முன்னறையில் அவள் மேஜையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். போனும் அங்கேதான். எதிர் பெஞ்சில் பாதிச் சபை முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. நான் "ஹெட்டியா?" என்று வாயைத் திறந்தால் போதும், ஞாயிறு ஆராதனைக்குள் உன் வீட்டுச் சங்கதி ஊர் முழுக்கப் போய்விடும்.

உன் அத்தான் லாம்பர்ட் எப்பேர்ப்பட்ட முதுகையும் கையால் தட்டி நேராக்கிவிடுவார், ஆனால் ஒரு வரி எழுதமாட்டார். சாப்பாட்டு மேஜையில் அன்றைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய தடிப் புத்தகத்தை மாவு பிசைகிற மேஜையில் வைத்தே படித்து முடித்தேன். அதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஆள் குணமாகிவிட்டான் என்று எழுதினால் பணம் நின்றுவிடும். அப்படியேதான் இருக்கிறான் என்று எழுதினால், அது வெறும் பராமரிப்பு, அதற்கெல்லாம் நாங்கள் கொடுக்கமாட்டோம் என்பார்கள். மோசமாகிறான் என்று எழுதினாலோ, வேறு டாக்டரிடம் அனுப்பு, உனக்கு எதற்குப் பணம் என்பார்கள். ஆக, ஆள் எப்போதும் தேறிக்கொண்டே இருக்க வேண்டும், தேறி முடித்துவிடக் கூடாது. ஒமாஹா போனவள் இதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்: "முன்னைவிடத் தேவலை." ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு நாளும் அதுதான். கடிதத்தின் தலையில் நாம் சுகம் என்று போடுவதில்லையா, அந்த மாதிரி என்று நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

அண்ணன் வெசலுக்குத் தீவன மூட்டை தூக்கும்போது நடுமுதுகில் பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். படுத்துக்கொண்டே உன் அத்தானிடம் வம்பு: "மெதுவா தட்டு மாப்பிள்ளை. எங்கப்பா கொடுத்த எலும்பு, திரும்பக் கேட்டா முழுசா கொடுக்கணும்." பயப்பட ஒன்றுமில்லை. முன்னைவிடத் தேவலை.

உன் சுகத்துக்குப் பதில் எழுது.

அன்புள்ள அக்கா,
ஆலிடா


மினியாபொலிஸ்
ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஈஸ்டருக்கு மலையாய் முட்டை வேகவைத்து, இனி ஒரு வருஷத்துக்கு முட்டை முகத்தில் விழிக்கமாட்டேன் என்று ஆகிவிட்டது. அத்தானும் நீயும் சுகமா?

டாக்டரம்மா ஆகிவிட்டாய், இனி உன்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும். சின்ன வயதிலேயே என் மிட்டாயை எல்லாம் கணக்கு வைத்தவள் நீ. இன்சூரன்ஸ்காரனால் உன்னை ஏமாற்ற முடியாது, உன்னைப் பார்த்துத்தான் அவன் பயப்பட வேண்டும்.

ஒன்று கேட்கணும். ஈஸ்டருக்கு அண்ணனிடமிருந்து அட்டை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் தொப்பி போட்ட பன்றி ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து அனுப்புவாரே. அவர் ஒரு சொல் எழுதமாட்டார், அந்தப் பன்றி எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். இந்த வருஷம் பன்றியே வரவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் பெஞ்சு முழுக்கப் பெப்பர்மின்ட் கொடுத்தனுப்புகிறாரா இன்னும்? அவருக்கு வலி எப்படி இருக்கிறது என்று சரியாக எழுது.

உன் தங்கை,
ஹெட்டி


ஹார்லெம் சென்டர்
மே 23

கர்த்தருக்குள் அன்பான ஹெட்டிக்கு,

கிருபையால் இங்கே சுகம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். இந்த வருஷம் தோட்டத்தில் ருபார்ப் நன்றாக வந்திருக்கிறது. ஜாம் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

வெசலைப் பற்றிக் கவலைப்படாதே. அட்டை போட மறந்திருப்பார். பெப்பர்மின்டை இப்போது பாட்டு முடிந்ததும் பக்கத்து பெஞ்சுக்காரர் ஹார்ம்சனா கொடுக்கிறார், ஏனென்றால் அண்ணன் பின்னால் கதவோரம் நின்றுகொள்கிறார். காற்று வருகிறதாம். அவருடைய சோளத்தையும் ஹார்ம்சனாவின் மகன்களே விதைத்துவிட்டார்கள். மழையால் எல்லாருக்கும் தாமதம், ஒருவருக்கொருவர் செய்வதுதானே. நாங்களும் அவரிடம் கைப்பணம் வாங்குவதில்லை, இன்சூரன்ஸ் கொடுப்பதோடு சரி. கூடப் பிறந்தவரிடம் கை நீட்ட முடியுமா?

கம்பெனி இப்போது இன்னும் விவரம் கேட்கிறது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், இரவில் வலி உண்டா, எடை குறைந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டால் அவர் சொல்வது உனக்குத் தெரியாதா? "குறை சொல்ல ஒண்ணுமில்ல." நம் வீட்டில் யார் என்றைக்குக் குறை சொல்லியிருக்கிறோம்? அதை மார்க்காக மாற்றி ஏழிலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஐந்து என்று இறக்கிக்கொண்டு வருகிறேன். மற்ற கட்டங்களில் இல்லை, இல்லை.

உன் அத்தான் இந்த வயதில் கவிஞராகிவிட்டார். போன வாரம் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "அந்த முதுகு இப்பல்லாம் என் கைக்குப் பேசமாட்டேங்குது" என்றார். யார் முதுகு என்றேன். வெசலுடையதாம். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழக்கமா எழுதறதையே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். முன்னைவிடத் தேவலை.

ஆலிடா


மினியாபொலிஸ்
ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைச் சமையலறை இடைவேளையில் படித்தேன், இரவு வீட்டில் இன்னொரு தடவை படித்தேன்.

அண்ணன் தன் டிராக்டரில் வேறொருத்தரை ஏறவிட்டாரா? அன்றைக்கு அத்தான் சும்மா ஸ்டியரிங்கைத் தொட்டதற்கே, "மாப்பிள்ளை, நான் உன் பொண்டாட்டியோட அண்ணன், இது என் பொண்டாட்டி, கையை எடு" என்றவர் இல்லையா அவர்? மழையால் தாமதம் என்றால் அவரும் தாமதமாக விதைத்திருப்பார். காற்றுக்காகக் கதவோரம் நிற்கிறார் என்கிறாய். நம் கோயிலில் அந்தக் கதவுப் பக்கம் ஜன்னலே இல்லையே அக்கா.

இங்கே ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார். அவருடைய நர்ஸுக்கு நான் தினமும் காபி கொடுக்கிறவள். கேட்டுப் பார்த்தேன். பழைய சிகிச்சைக் குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் யாருக்கு அவசரம், யார் காத்திருக்கலாம் என்று தேதி கொடுப்போம் என்றாள். அண்ணனுடைய ஃபைலை உடனே அனுப்பு. நீ எழுதினால் சுத்தமாக, விவரமாக இருக்கும் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஹெட்டி


ஹார்லெம் சென்டர்
ஆகஸ்ட் 12

கர்த்தருக்குள் அன்பான ஹெட்டிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னித்துக்கொள். பீன்ஸ், வெள்ளரி, தக்காளி எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. பதப்படுத்திப் போட ஜாடிகள் தீர்ந்து கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி?

நீ கேட்டபடி ஃபைலை நகலெடுத்துப் போன வாரம் அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை உட்கார்ந்து படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. வேறு விதமாக எழுதி அனுப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பில் போயிருக்கிறது. குறிப்பும் பில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், அதுதான் சட்டம். ஸ்வெட்டரில் ஒரு இழையை உருவினால் எது வரைக்கும் பிரிந்து வரும் என்று பின்னுகிறவளுக்குத்தானே தெரியும்? அதனால் உள்ளபடியே அனுப்பினேன்.

வெசல் பன்றிகளை விற்றுவிட்டார். விலை நன்றாக இருந்ததாம். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு தடவை பிடித்தது, இப்போது மறுபடியும். துணி தளர்ந்துவிட்டது போல. அவர் தட்டில் நான் வைக்கிற இறைச்சியைப் பாதிக்கு மேல் நாய்க்குப் போடுகிறார். பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

உன் அத்தானும் சுகம். வெசல் வந்துபோன நாளில் மட்டும் வெகுநேரம் கை கழுவுகிறார். ஒரு நாள் குழாயை மூடிவிட்டு, நம் கையில் இல்லாத முதுகும் உண்டு, வேறு யாரிடமாவது காட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்படிச் சொன்னால் இத்தனை மாதம் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டது நான்தான். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

ஆலிடா


மினியாபொலிஸ்
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஃபைல் வந்து சேர்ந்தது. நர்ஸ் படித்துவிட்டு உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டாள். இப்படி ஒழுங்கான குறிப்பு பெரிய டாக்டர்களிடமிருந்துகூட வருவதில்லையாம். பிறகு டிசம்பரில் தேதி போட்டுக் கொடுத்தாள்.

டிசம்பரா என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். இரவில் வலி இல்லை. எடை குறையவில்லை. வலி மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டு வருகிறது. "இவரு நல்லா தேறிட்டு வராரும்மா. இவருக்கு முன்னாடி, தேறாதவங்க நிறைய பேர் நிக்கிறாங்க" என்றாள். அவள்மேல் தப்பில்லை.

கால்சட்டையை இரண்டு தடவை பிடித்ததாக எனக்கு எழுதியிருக்கிறாய். எடை குறையவில்லை என்று ஃபைலில் எழுதியிருக்கிறாய். இரண்டும் உன் கையெழுத்துத்தான், எனக்குத் தெரியும்.

வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. அண்ணனுக்கு இரவில் வலிக்கிறதா?

ஹெட்டி


ஹார்லெம் சென்டர்
செப்டம்பர் 20

அன்பான ஹெட்டிக்கு,

இங்கே சுகம். காலையில் புல்லின்மேல் வெள்ளைப் பனி படிய ஆரம்பித்துவிட்டது. புதுப் போதகர் வந்திருக்கிறார், சின்ன வயது, பிரசங்கம் நீளம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் ஃபைல்களைச் சரிபார்க்க வந்தார். காபியும் பாதாம் ரொட்டியும் கொடுத்தேன். கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் புரட்டினார், வெசலுடையதையும் எடுத்தார். பில்லும் குறிப்பும் பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பொருந்தியது. பக்கத்து மாவட்டத்தில் இதே தொழில் செய்கிற ஒருவர் நடக்காததை நடந்ததாக எழுதிப் பணம் வாங்கினாராம். லைசென்ஸ் போயிற்று, போர்டை இறக்கினார்கள், வழக்கு நடக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, "உங்க மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இருக்காதும்மா" என்று இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு உன் அத்தான் வாசலுக்குப் போய்த் தன் பெயர் போட்ட போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குளிர் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆலிடா


மினியாபொலிஸ்
அக்டோபர் 15

அக்காவுக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரும் நானும் காரில் வந்தோம். உன் வீட்டுப் பக்கம் வராமல் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனோம். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்திருந்தால் உன்னோடு உட்கார்ந்து காபி குடித்திருப்பேன். அண்ணன் கதவைத் திறக்கவே நேரமாயிற்று. நான் அவரைக் கட்டிக்கொண்டபோது கோட்டுக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சோளம் அறுக்க வேண்டும், வரமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் அவருடைய தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார்.

இங்கே ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் வராமல் போன இடத்தில் நர்ஸ் எங்களை உள்ளே விட்டாள். எடை பார்க்கும்போது கோட்டையும் பூட்ஸையும் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் உன் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் கேட்டார்.

"ராத்திரியில வலிக்குதா?"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். "அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"இல்லைன்னு எழுதியிருக்கு."

"அப்ப இல்ல. அதை எழுதினது என் தங்கச்சி."

நான் குறுக்கே பேசினேன். கூடப் பிறந்தவர்கள் எப்போதும் பயப்படுவார்கள் என்று டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தினார். டிசம்பர் தேதியே இருக்கட்டும் என்றார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. எதற்காக இப்படிச் சொன்னாய் என்று கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஆலிடா வீட்டு வாசல்ல அந்த போர்டு தொங்கணும், ஹெட்டி. நான் ஒருத்தன்தானே. அவங்க ரெண்டு பேரு" என்றார்.

என் வீட்டில்தான் இருக்கிறார். படுக்க முடியவில்லை, நாற்காலியில் தூங்குகிறார். அதைத் தூக்கம் என்று நீ உன் கட்டத்தில் எழுதலாம். நான் எழுதமாட்டேன்.

ஹெட்டி


ஹார்லெம் சென்டர்
அக்டோபர் 19

ஹெட்டி,

இன்று காலை இரண்டு கவர் தபாலில் போட்டேன். ஒன்று உன் டாக்டருக்கு. மார்ச்சிலிருந்து அண்ணன் உண்மையில் எப்படி வந்தார், எப்படி உட்கார்ந்தார், எப்போது உட்காருவதை விட்டார், என்ன சாப்பிட்டார், அவர் முதுகைத் தொட்டுவிட்டு உன் அத்தான் என்ன சொன்னார், நினைவில் இருந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன். இரவில் வலிக்கிறது. ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே வலிக்கிறது. சிகிச்சை மேஜையில் படுக்க வைக்கும்போது என்னிடம் ஒரு தடவை சொன்னார், ஒரே தடவைதான். நான் இல்லை என்று எழுதினேன்.

இரண்டாவது கவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, நான் எழுதிய குறிப்புகள் பொய் என்று. முதல் கவரை அனுப்பிவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டால் அந்த டாக்டர் எதை நம்புவார்?

போட்டுவிட்டு வந்த பிறகுதான் உன் அத்தானிடம் சொன்னேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஸ்டாம்பு சரியா ஒட்டினியா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இதோடு பெப்பர்மின்ட் பொட்டலம் ஒன்று வைத்திருக்கிறேன். அண்ணனிடம் கொடு. உன்னோடு உட்கார்ந்து காபி குடிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீயே சொல்.

ஆலிடா


மினியாபொலிஸ்
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர் உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கே அண்ணனை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். புற்று எலும்பில் தொடங்கியது இல்லையாம், வேறெங்கோ தொடங்கி எலும்புக்கு வந்தது என்றார். எப்போதிலிருந்து வலி என்று என்னைக் கேட்டார். நீ எழுதியதையே சொன்னேன், ஈஸ்டருக்கு முன்னாலிருந்து என்று. "இந்த ஈஸ்டரா?" என்று கேட்டார். பிறகு ஃபைலை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

டிசம்பர் தேதியை அடித்துவிட்டார்கள். புதுத் தேதி எதுவும் கொடுக்கவில்லை.

பெப்பர்மின்டைப் பார்த்ததும் அண்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்று கொடுத்தனுப்பினார். மீதியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். "பிரசங்கம் நீளமா இருக்கும் போலயே" என்றார். நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டேன்.

போர்டு தொங்குகிறதா என்று கேட்டார். தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன். நீ வந்து மாற்றிச் சொல்லிவிடாதே.

அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. காபி போட்டு வைக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க முடியாது. புறப்பட்டு வா.

உன் தங்கை,
ஹெட்டி